நன்றியுரையில் இடம்பெறாதவர்கள்

விழாவின் முடிவில் நன்றியுரை என்றொரு சடங்கு உண்டு. தலைமை தாங்கியவருக்கு நன்றி. பொன்னாடை வழங்கியவருக்கு நன்றி. மலருக்கு விளம்பரம் தந்த நிறுவனத்தாருக்கு நன்றி. அவையோர் எழுந்து பந்தியை நோக்கி நடக்கத் தொடங்கிய வேளையில், 'மற்றும் உழைத்த அனைவருக்கும்' என்றொரு தொடர் காற்றில் கரையும். விடியுமுன் வந்து நாற்காலி அடுக்கியவரும், அண்டா சுமந்தவரும், நாம் உண்ட எச்சில் இலையை எடுக்கப் போகிறவரும் அந்த 'அனைவருக்கும்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். மும்பையில் தமிழ் வளர்க்கும் நாம் இவ்வழக்கத்தைக் கூச்சமின்றிக் காத்து வருகிறோம். இதனை நன்றி என்று அழைத்தல் தகாது என்பதே நம் வழக்கு.

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. 'கூறுதல்' என்னும் சொல் அங்கே இல்லை. பழந்தமிழில் ஒருவர் செய்த நன்மையே நன்றி. அதனை அறிதலே அறம். யார் செய்தார், எந்நிலையில் செய்தார், எதனை இழந்து செய்தார் என்று அறியாதவன் ஆயிரம் முறை 'நன்றி' என்று மொழிந்தாலும் நன்றியறிந்தவன் ஆகான். இனியவை கூறலுக்குப் பின்னும் நடுவு நிலைமைக்கு முன்னும் இவ்வதிகாரம் அமைந்துள்ளது. இன்சொல்லில் தொடங்கி நீதி வரை செல்ல வேண்டிய பண்பு இது என்றே நாம் கொள்கிறோம்.

சொல் வேறு, அறிதல் வேறு என்பதை அண்மைக்காலம் கொடுமையாகக் காட்டியது. 2020 மார்ச் 22 அன்று மாலை 5 மணிக்கு மாடிகளில் நின்று கைதட்டினோம். தட்டும் தாம்பாளமும் முழக்கினோம். பெருந்தொற்றோடு போராடிய மருத்துவத் துறையினர்க்கு அது நன்றியாம். சில நாட்களுக்குள், மருத்துவரையும் செவிலியரையும் வாடகை வீட்டிலிருந்து வெளியேறச் சொன்ன செய்திகள் பல நகரங்களிலிருந்து வந்தன. ஏப்ரலில் சென்னையில், தொற்றால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய வந்தவர்களைக் கும்பல் ஒன்று தாக்கியது. மருத்துவப் பணியாளர்க்குக் கொடுங்காயம் விளைவிப்போர்க்கு 7 ஆண்டு வரை சிறை என்று அம்மாதமே அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. தட்டை முழக்கிய கைகளும் கதவைச் சாத்திய கைகளும் ஒரே சமுதாயத்தின் கைகள். குறள் பிறந்த மண் என்று மார்தட்டும் நமக்கு இதனினும் பெரிய நாணம் வேறுண்டோ?

'கூலி கொடுக்கிறோமே, நன்றி எதற்கு?' என்பார் உளர். கூலி வேலைக்கு ஈடு. காய்ச்சலில் கிடந்த நாளில் கேளாமலே கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுப் போன பணிப்பெண்ணின் பரிவை எந்தக் கணக்கில் எழுதினோம்? கூலியையாவது ஒழுங்காகக் கொடுக்கிறோமா? அவர் இரண்டு நாள் வாராவிடில் பிடித்தம். நாம் கோடை விடுமுறைக்கு ஊர் சென்றாலும் பிடித்தம் அவருக்கே!

உண்மை யாதெனில், நம் நன்றி மேல்நோக்கியே பாயப் பழகிவிட்டது. செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவன் என்று கர்ணனைப் போற்றினோம். சோறிட்ட மன்னனுக்கு உயிரையும் தருக என்றோம். அந்த நெல்லை விளைவித்தவனுக்கு மன்னன் பட்ட கடன் யாது என்று கேட்டோமில்லை. பண்ணையாளிடம் பண்ணையார் எதிர்பார்த்ததும், அலுவலகத்தில் மேலவர் கீழவரிடம் எதிர்பார்ப்பதும் இந்த ஒருவழி நன்றியே. அஞ்சிச் செலுத்தும் நன்றி கப்பம். ஆதாயம் கருதிச் செலுத்துவது வாணிகம். நமக்கு இனி எதுவும் தர இயலாதவர்க்குச் செலுத்துவதே நன்றி.

ஊர் விட்டு வந்த நமக்கோ இக்கடன் இருமடங்கு. தகரப் பெட்டியோடு தாதரில் இறங்கிய நம் முன்னோர்க்கு, மாட்டுங்காவிலும் தாராவியிலும் எவரோ ஒருவர் தம் நெருக்கடியான அறையில் பாய் விரிக்க இடம் தந்தார். மொழி அறியாத நம் தாயர்க்கு அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணி கடைத்தெருவில் நாவாக நின்றார். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? முப்பது ஆண்டு இந்நகரின் சோற்றை உண்டபின்னும், 'மராத்தி நமக்கு வராது' என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோமே, நன்றி கொல்லுதல் என்பதற்கு வேறு இலக்கணம் வேண்டுமோ?

செய்ய வேண்டுவன அரியவை அல்ல. நம் வீட்டில் உழைப்பவரின் முழுப்பெயரையும் அவர்தம் மக்கள் பயிலும் வகுப்பையும் அறிவோம். நாம் ஊரில் இல்லாத நாட்களுக்கும் ஊதியம் அளிப்போம். பாய் விரிக்க இடம் தந்தவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அயலார் மொழியில் அவர் நலம் கேட்கப் பழகுவோம்.

'செய்ந்நன்றி' வினைத்தொகை, செய்த நன்றி, செய்கின்ற நன்றி, செய்யும் நன்றி என முக்காலமும் அதனுள் அடங்கும். இன்றும் நமக்குச் செய்துகொண்டிருப்பவர் இருக்கின்றனர். அடுத்த ஆண்டு விழாவில் நன்றியுரை முதலில் நிகழட்டும். அதில் அண்டா சுமந்தவரின் பெயர் முதலில் ஒலிக்கட்டும். அவர்களை முதற்பந்தியில் அமர்த்தி, நாம் பரிமாறுவோம்.