டவரை இடிக்காதீங்க, பக்கத்துல ஒரு சவ்வை வைங்க

படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங், சோறு போடறது ஜாவா. அதனால மெம்பிரேன் பத்தி ஏதாவது செய்தி வந்தா பழைய பாசத்துல கொஞ்சம் கூர்ந்து படிப்பேன். சில வருஷமா எல்லாம் ஒரே ராகம்தான். கச்சா எண்ணெயை இனிமே காய்ச்சவே வேணாம், சவ்வு வழியா வடிகட்டினா போதும்ங்கற ரேஞ்சுல பேசறாங்க.

ஆசை நியாயமானதுதான். ரீஃபைனரில கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி, டவர்ல விட்டு, கொதிநிலை வாரியா பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல்னு பிரிக்கறாங்க. வேதிப்பொருட்களைப் பிரிக்கற வேலைகளுக்கு மட்டுமே அமெரிக்காவோட மொத்த எரிசக்தியில 10-15% போகுதுன்னு 2016ல நேச்சர் இதழ்ல ஷோல், லைவ்லி எழுதினாங்க. நம்ம வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணியைக் கொதிக்க வைக்காமலே உப்பைப் பிரிக்குதே, அதே வித்தை எண்ணெய்க்கு ஆகாதா? 2020ல ஜார்ஜியா டெக், இம்பீரியல் காலேஜ், எக்ஸான்மொபில் மூணு பேரும் சேர்ந்து லேசான கச்சா எண்ணெயைச் சவ்வால பிரிச்சும் காட்டினாங்க.

ஆனா நான் வேற கட்சி :-)

ஆர்.ஓ.ல பெரும்பாலும் தண்ணிக்கும் உப்புக்கும்தான் பஞ்சாயத்து. கச்சா எண்ணெயில ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள், அளவுல எல்லாம் அண்ணன் தம்பிங்க. சவ்வு சின்னதை அதிகமா விடும், பெருசைக் கம்மியா விடும், அவ்வளவுதான். கறாரா கோடு கிழிக்காது. அஸ்ஃபால்டீன் மாதிரி கனமான சமாசாரம் வந்து அப்பிக்கிட்டா அதுவும் போச்சு. டவரும் ஒண்ணும் முட்டாள் இல்லை. வெளியே போற சூடான டீசலை வெச்சே உள்ளே வர்ற எண்ணெயைச் சூடாக்கிக்குது.

அப்போ சவ்வு வேஸ்ட்டா? அதான் இல்லை. 1998ல டெக்சாஸ் போமாண்ட்ல மொபில் கம்பெனி செஞ்சதைப் பாருங்க. லூப் ஆயில்ல இருக்கற மெழுகை எடுக்க, கரைப்பானைக் கலந்து, உறைநிலைக்குக் கீழே குளிர வெச்சு, மெழுகை வடிகட்டுவாங்க. அப்புறம் அந்தக் கரைப்பானைத் திரும்ப எடுக்கக் காய்ச்சணும். எடுத்ததை மறுபடி குளிர வைக்கணும். காசு கொடுத்துக் குளிர வெச்சு, காசு கொடுத்துச் சூடாக்கி, திரும்பவும் காசு கொடுத்துக் குளிர வைக்கற கூத்து!

நடுவுல ஒரு பாலிஇமைடு சவ்வை வெச்சாங்க. கரைப்பான்ல ஒரு பங்கு அழுத்தத்துல சவ்வைத் தாண்டி, குளிர் குறையாம அப்படியே திரும்பிடுச்சு. மிச்சம் மட்டும் பழைய டவருக்குப் போச்சு. உற்பத்தி 25 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, போட்ட காசு ஒரு வருஷத்துக்குள்ள திரும்புச்சு. பழைய டவரை யாரும் இடிக்கலை.

மான்சாண்டோவோட பிரிசம் சவ்வும் இதே கதைதான். 1980லேர்ந்து, வீணா போற வாயுவுல இருந்து ஹைட்ரஜனை மீட்டுக் கொடுத்துச்சு. ஹைட்ரஜன் குட்டி மூலக்கூறு, சட்டுனு சவ்வைத் தாண்டிடும். சவ்வுக்குத் தோதான வேலை.

நம்ம தொழில்ல இது தெரிஞ்ச விஷயம்தான். இருபது வருஷப் பழைய சிஸ்டத்தை மொத்தமா திருப்பி எழுதறேன்னு கிளம்பினவங்க கதி என்னாச்சுன்னு பார்த்திருக்கோம். எங்கே இழுக்குதுன்னு பார்த்து அங்கே மட்டும் ஒரு கேஷ் வெச்சவன் வெள்ளிக்கிழமை நிம்மதியா வீட்டுக்குப் போவான்.

அதனால டவர் எப்போ ஒழியும்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க வேணாம். அந்த நாள் வர்ற வரைக்கும் எரியற எரிபொருள் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். எந்தக் குழாய்ல ஒரே திரவத்தைச் சூடாக்கிக் குளிர வெச்சு விளையாடறோம்னு தேடணும். சவ்வை அங்கே வைங்க.

ரீஃபைனரில வேலை பார்க்கற நண்பர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க!