எலியைத் திட்டாதீங்க, பட்டனைத் திட்டுங்க

யாராவது கம்ப்யூட்டர்ல வேலை செய்யும்போது மவுஸ் அம்பை மட்டும் கவனிச்சுப் பாருங்க. முதல்ல பாயும், பட்டன் பக்கத்துல வந்ததும் தயங்கித் தயங்கி ஊரும். பட்டன் தூரமா, சின்னதா இருக்க இருக்க, நேரம் கூடும். 1954லேயே பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கை அசைவுக்குச் சொன்ன விதி இது. மவுஸுக்கும் பொருந்தும்னு 1978ல் ஜெராக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க.

இதுல ஒரு சலுகை உண்டு. திரை விளிம்பைத் தாண்டி அம்பு போகாது. அதனால மூலையில இருக்கிற பட்டனுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், கையை வீசினா போதும். 2021ல் வந்த விண்டோஸ் 11, ஸ்டார்ட் பட்டனை மூலையிலிருந்து நடுவுக்குக் கொண்டு வந்தது. புரோகிராம்கள் திறக்கத் திறக்க அந்தப் பட்டனும் இடம் மாறும். பெரிய திரையில நடுப்பகுதிதான் கிட்டன்னு வாதிடலாம். ஆனா ஓரிடத்தில் நிற்காத பட்டனுக்குக் கை எப்படிப் பழகும்? (நல்லவேளை, செட்டிங்ஸ்ல இடப்பக்கமே மாத்திக்கலாம்.)

காமர்ஸ் பசங்களுக்கு இது புரியும். டேலியில எஃப்8 தட்டி விற்பனை பில் போடுறவர் மவுஸைத் தொடுறதே அபூர்வம். ஒரு பில்லுக்கு மூணு நொடி மிச்சம்னா, நாளைக்கு 300 பில்லுக்குக் கால் மணி நேரம்!

என் கவலை வேற. 'சேமி'யையும் 'நீக்கு'வையும் பொடிப்பொடியா ஒட்டி வெச்சுட்டு, அம்பு தடுமாறினா வயசானவங்களைப் பார்த்து "கை பழகலை"ன்னு சொல்றோம். அவங்க கையில குறையில்லை. பட்டனைப் பெருசாக்குங்க, தள்ளி வைங்க. நீங்க என்ன சொல்றீங்க?