கூரஞ் செப்பேடும் கணினி நிரலும்

கூரத்தில் கிடைத்த, பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் 7ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டில் மன்னன் புகழ் வடமொழியில் நிற்கிறது. நிலத்தின் எல்லையும் ஏரிக்கு நீர் கொணரும் காலும் தமிழில் நிற்கின்றன. ஊரார் நடத்த வேண்டியவை ஊரார் மொழியில் அமைந்தன. வினைக்குத் தாய்மொழியே வேண்டும் என்பதன்றோ அதன் பொருள்?

இன்று கூடி மென்பொருள் படைக்கும் இளைஞரோ, நிரல்மொழி தேர்கையில் தமிழை எண்ணுவதேயில்லை. முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ 2013இலேயே கட்டற்ற மென்பொருளாய் வெளிவந்தது. ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ என அதன் கட்டளைகள் தமிழே. பெரும்பணிக்கு அது போதாதெனின் பைத்தானைக் கொள்க. 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ்ப்பெயர் இடலாம்.

ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவதே கூட்டுப்பணி. விளங்கும் பெயரே அதற்கு உயிர். கருவி அயலதாயினும் கருத்து தமிழாகுக! தமிழிளைஞரே, பெயரிடுதலிலிருந்தே தொடங்குங்கள்!