யாருக்கு வராது ஜாவா?

கல்லூரி திறந்து ஐந்து வாரம் ஆனதும் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்த செட்டில் பத்துப் பேருக்குத்தான் புரோகிராமிங் வரும் மேடம். மற்றவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது." முதலாண்டு ஜாவா பாடத்தில் அப்போது மாறி (வேரியபிள்), இஃப், ஃபார் லூப் வரைதான் வந்திருப்போம். அதற்குள் 60 பேரில் 50 பேரைக் கைகழுவிவிடுகிறோம். இதைச் சொல்பவர்கள் பொறுப்பற்றவர்கள் இல்லை. உழைத்துப் பாடம் நடத்துகிறவர்களும் இதை நம்புகிறார்கள். அதைவிட வேதனை, தீபாவளி விடுமுறைக்குள் மாணவர்களே இதைச் சொல்லக் கற்றுக்கொள்வது: "எனக்குக் கோடிங் வராது மேடம்."

நிரல் எழுதுவது பிறவியிலேயே அமைந்த திறமை, முதல் ஜாவா பாடம் அதைக் கண்டறியும் சல்லடை என்ற இந்த நம்பிக்கை தவறானது. பல ஆண்டுகளாக அந்தப் பாடத்தையே நடத்திவருகிறவள் என்ற முறையில், அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச விரும்புகிறேன்.

ஆராய்ச்சியே இதை நிரூபித்துவிட்டது என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் 2006-இல் வெளிவந்த ஒரு வரைவுக் கட்டுரை. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்னாதியும் ரிச்சர்ட் போர்னட்டும் எழுதியது. ஒட்டகத்துக்கு இரண்டு திமில் என்பது அதன் தலைப்பு. நிரலாக்கமே அறியாத மாணவர்களிடம், பாடம் தொடங்குமுன், ஜாவாவில் எழுதிய சில வரிகளைக் கொடுத்தார்கள். அ என்ற மாறியில் 10, ஆ என்ற மாறியில் 20; அடுத்த வரி, அ = ஆ. இப்போது இரண்டிலும் என்ன இருக்கிறது? விடை சரியா தவறா என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு விடை எழுதினாரா என்றுதான் பார்த்தார்கள். அப்படி எழுதியவர்கள் தேறுவார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் தேற மாட்டார்கள், முதல் வகுப்புக்கு முன்பே பிரித்துவிடலாம் என்றது கட்டுரை. உலகம் முழுவதும் ஆசிரியர் அறைகளில் அது கைமாறியது.

பிறகு நடந்தது அந்த அளவுக்குக் கைமாறவில்லை. பல கல்லூரிகளில் திரும்பச் செய்துபார்த்தபோது முதலில் சொன்ன அளவுக்கு அந்தத் தேர்வு யாரையும் பிரித்துக் காட்டவில்லை. 2014-இல் போர்னட்டே அந்தக் கட்டுரையின் முடிவுகளை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். எழுதியவரே கைவிட்ட கருத்தை நாம் ஏன் இன்னும் சுமக்கிறோம்?

அதற்குக் கிடைக்கும் பதில்: "கட்டுரை கிடக்கட்டும், மார்க் லிஸ்ட்டைப் பாருங்கள். மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், நடுவில் ஆளே இல்லை." கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கணினி அறிவியல் பாடங்களின் 778 மதிப்பெண் பட்டியல்களை எலிசபெத் பட்டிட்சாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் புள்ளியியல் முறையில் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முகடு, அதாவது கூட்டம், இருப்பதாகச் சொல்லத்தக்கவை 5.8 சதவீதம் மட்டுமே. இன்னொன்றும் செய்தார்கள். இப்படியும் அப்படியும் பொருள் கொள்ளத்தக்க வரைபடங்களைக் கணினி ஆசிரியர்கள் 53 பேரிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். திறமை பிறவியிலேயே வருவது என்று நம்பியவர்களின் கண்ணுக்குத்தான் இரண்டு முகடு கூடுதலாகத் தெரிந்தது. இதைப் படித்த அன்று என் பழைய மார்க் பட்டியல்களை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கூட்டம் என்று நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். பட்டியலில் நடுவில் நிறையப் பேர் இருந்தார்கள். 45, 52, 58 என்று மெல்ல ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்; அவர்கள் முகம்தான் எனக்கு நினைவில் இல்லை.

சில வகுப்புகளில் மெய்யாகவே இரண்டு கூட்டம் உருவாவதும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறவித் திறமை காரணமாக இருக்கத் தேவையில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து அந்தோணி ராபின்ஸ் 2010-இல் தந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றும் முந்தையதன் தலைமேல் ஏறி நிற்கிறது. மாறி புரியாவிட்டால் லூப் புரியாது, லூப் புரியாவிட்டால் அரே புரியாது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அந்த வாரம்தான் போகும். ஜாவாவில் இரண்டாவது வாரம் படுத்தால் அந்தப் பருவமே ஆட்டம் காணும். முதலில் பிடித்துக்கொண்டவருக்கு அடுத்தது எளிதாகும், முதலில் நழுவவிட்டவருக்கு அடுத்தது கடினமாகும். ஆரம்பத்தில் இருந்த சிறு இடைவெளி நவம்பரில் பள்ளமாகிவிடும்.

அந்த ஆரம்ப இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டாமா? தமிழ்நாட்டில் மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்தவர் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸும் பிளஸ் டூவில் பைத்தானும் படித்துவிட்டு வருகிறார். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கல்லூரி லேபில்தான் கீபோர்டில் அரைப்புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். இரண்டு ஆண்டுப் பழக்கத்துக்கும் இரண்டு வாரப் பழக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பிறவித் திறமை என்று பெயர் சூட்டுகிறோம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் முன்பழக்கம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தனித்தனி நுழைவுப் பாடங்களை வைத்தது. சேர்க்கை முறையையும் மாற்றியது. கணினி அறிவியலில் சேரும் பெண்கள் அங்கே 1995-இல் 7 சதவீதம், 2000-இல் 42 சதவீதம். ஐந்து ஆண்டுகளில் பிறவி மாறுமா?

அடுத்தது கணக்கு. "கணக்கு வராதவனுக்கு ஜாவா வராது" என்பது பழமொழி ஆகிவிட்டது. என் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சதவீதமாக்கும் சிறு நிரல். 450-ஐ 600-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கவேண்டும். காமர்ஸ் படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணுக்கு அவுட்புட் 0 என்று வந்தது. பக்கத்தில் இருந்த, கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பையன் எட்டிப் பார்த்து, "450-ஐ முதலில் 100-ஆல் பெருக்கிவிட்டு வகு" என்றான். 75 வந்துவிட்டது. ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்கின்படி இரண்டும் ஒன்றுதானே. அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "450 லட்டை உடைக்காமல் 600 பேருக்குக் கொடுக்கச் சொன்னால் ஆளுக்கு ஒன்றுகூட வராது. அந்த 0-ஐத்தான் இது 100-ஆல் பெருக்குகிறதா மேடம்?" ஜாவாவில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் போய்விடும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை. அதற்கடுத்த ஆண்டிலிருந்து லட்டு வைத்துத்தான் சொல்கிறேன்.

கணக்குப் பாடம் சில இடங்களில் தடையாகவும் வருகிறது. பள்ளியில் சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் சமம். ஜாவாவில் அது ஒரு கட்டளை: வலப்பக்க மதிப்பை எடுத்து இடப்பக்க மாறியில் வை. அ = அ + 1 என்று எழுதினால் கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைதான் முதலில் முகம் சுளிக்கும், சுளிக்கத்தான் வேண்டும். தமிழில் வாய்விட்டுச் சொன்னால் இது தீரும். "ஆ-வில் இருப்பதை எடுத்து அ-வில் வை." எடுக்கும் இடம் முதலில், வைக்கும் இடம் பிறகு, வினை கடைசியில். இயந்திரம் செய்யும் வரிசையும் அதுதான்.

மொழி உணர்வுக்கு இதில் பங்கு உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷான்டெல் பிராட் குழுவினர் 36 பேருக்குப் பைத்தான் கற்பித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கற்றலில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை எண்ணறிவு விளக்கிய அளவு சராசரியாக 2 சதவீதம். புது மொழி கற்கும் திறன் விளக்கியது 17 சதவீதம். சிறிய ஆய்வு, ஜாவாவும் இல்லை. ஆனாலும் கணக்கு மார்க்கைப் பார்த்து ஒருவரை ஒதுக்குகிறவர்கள் இதையும் பார்க்கவேண்டும்.

"அப்படியானால் ஆங்கிலம் வராதவர்களுக்கு வராது" என்று வாதம் திரும்பும். ஜாவா தனக்கென்று ஒதுக்கிவைத்த சொற்கள் ஏறக்குறைய 50. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இதைவிட அதிகம் உண்டு. தமிழ்வழியில் படித்து வந்தவர்களை உண்மையில் மிரட்டுவது கம்பைலர் காட்டும் பிழைச் செய்திகள். அவற்றிலும் முதல் பருவத்தில் திரும்பத் திரும்ப வருபவை பத்துக்குள் அடங்கும். ‘கேனாட் ஃபைண்ட் சிம்பல்’ என்றால் நீ சொல்லும் பெயர் எனக்குத் தெரியாது, எழுத்துப் பிழையா பார். ‘ரீச்டு எண்ட் ஆஃப் ஃபைல்’ என்று வந்தால் எங்கோ ஓர் அடைப்பை மூடவில்லை. இவற்றைத் தமிழில் எழுதி லேப் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஜாவாவில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மதிப்பெண், மொத்தம், சராசரி என்று தமிழ் எழுத்தில் எழுதினாலும் நிரல் ஓடும். முதல் இரண்டு வாரம் அப்படி எழுதவிட்டுப் பாருங்கள். எது ஜாவாவின் சொல், எது தான் வைத்த பெயர் என்ற குழப்பம், அனுபவமுள்ள ஆசிரியரும் கவனிக்காத குழப்பம், அன்றே தெளிந்துவிடும்.

ஜாவாவே புதியவர்களுக்குப் பொருந்தாத மொழி என்ற குறையில் பாதி நியாயம். ஒரு வணக்கம் சொல்ல ‘பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்’ என்று புரியாத மந்திரம் எழுதச் சொன்னோம். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25 முதல் அந்த மந்திரமும் கிளாஸும் இல்லாமல் மூன்றே வரியில் தொடங்கலாம். மற்றபடி, மாறியின் தரவினத்தை முன்கூட்டியே சொல்லச் சொல்லும் கண்டிப்பு புதியவருக்கு உதவிதான்; எண் வரவேண்டிய இடத்தில் சொல் வந்தால் நிரல் ஓடுமுன்பே தெரிந்துவிடும்.

கடைசியாக, "இவ்வளவு பேர் தோற்கிறார்களே?" டென்மார்க்கின் பென்னட்சனும் காஸ்பர்சனும் 2007-இல் பல நாட்டுக் கல்லூரிகளில் திரட்டிய கணக்கில் முதல் நிரலாக்கப் பாடத்தில் தேறியவர்கள் 67 சதவீதம். மூன்றில் ஒருவர் தோற்பது பெரிய எண்ணிக்கைதான். அந்த மூன்றில் ஒருவரை எப்படிக் குறைப்பது என்று ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 2010-இல் யோசித்தது. ஜாவா முதல் பாடத்தில் விரிவுரையைக் குறைத்தார்கள், சிறு சிறு பயிற்சிகளைப் பெருக்கினார்கள், பயிற்சி நடக்கும் அறையில் வழிகாட்டிகளை நிறுத்தினார்கள். பிழை வந்த கணத்தில் பக்கத்தில் ஆள் இருந்தது. தேர்ச்சி உயர்ந்தது. அதே நாட்டு மாணவர்கள், அதே மொழி.

நம் லேபில் என்ன நடக்கிறது? ரெக்கார்டு நோட்டில் இருக்கும் நிரல்களை அப்படியே தட்டச்சு செய்து, அவுட்புட் காட்டி, கையெழுத்து வாங்குகிறார்கள். தேர்வுக்கு முந்தின இரவு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறார்கள். அதில் தோற்றவருக்கு நிரலாக்கம் வராது என்று எப்படிச் சொல்லமுடியும்? அவர் ஒரு நிரலைக்கூடத் தானாக யோசித்து எழுத நாம் இடம் கொடுக்கவில்லையே. வாரத்துக்கு 2 மணி நேர லேப், 60 பேர், ஓர் ஆசிரியர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தை வைத்துக்கொண்டு இவளுக்கு வரும், அவனுக்கு வராது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.