அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடுமா?

கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் நம் ஊரில் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள். "அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க சார், சரியாயிடும்!" சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் எனக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கை போய்விட்டது. காரணம், அதை நானே செய்து மூன்று வார வேலையைத் தொலைத்தவன்.

கதைக்குப் போகும் முன், விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுகிறீர்கள். குடித்தனக்காரருக்குத் தனி வாசல், தனி சமையலறை. ஆனால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அதுபோல, உங்கள் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸையோ பழைய விண்டோஸையோ தனிக் கம்ப்யூட்டராகக் குடிவைப்பதுதான் விர்ச்சுவல் மெஷின். ராம், பிராசசர், ஹார்ட் டிஸ்க் ஆகியவை பொதுத் தொட்டி. இதற்கான சாப்ட்வேர்களில் 2007-ல் வெளிவந்த விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. 1999-ல் வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனின் புரோ பதிப்பும் 2024 நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டது.

எனக்கு நடந்தது

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய பில்லிங் புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். அதற்காக அலுவலக லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் எக்ஸ்பியை நிறுவி, மூன்று வாரமாகச் சோதனை பில்களை உள்ளிட்டு வந்தேன். பொங்கலுக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எக்ஸ்பி எழவில்லை. ஒரு எரர் செய்தி வந்தது. வழக்கம்போல் படிக்காமலே ஓகே கொடுத்தேன்.

பிறகு ஊர் வைத்தியம். விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பலன் இல்லை. சரி, மெஷினையே நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கலாம் என்று ரிமூவ் கொடுத்தேன். 'எல்லா பைல்களையும் அழிக்கவா, பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா?' என்று கேட்டது. அழி என்றேன். நான்கு ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோமே என்ற தைரியம்! ஆனால் ஸ்நாப்ஷாட்களும் அந்த மெஷினின் போல்டருக்குள்ளேதான் இருந்தன. எல்லாம் ஒன்றாகப் போயின. ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் இல்லை.

புது மெஷினை உருவாக்கி ஸ்டார்ட் கொடுத்தேன். மறுபடி அதே செய்தி. இந்த முறை படித்தேன். பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி பயாசில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அதில் தெளிவாகவே இருந்தது. சனி, ஞாயிறில் எங்கள் சிஸ்டம் அட்மின் லேப்டாப்களுக்கு பயாஸ் அப்டேட் செய்திருந்தார். செட்டிங்குகள் பழைய நிலைக்குப் போய்விட்டன. அவர் வந்து பாஸ்வேர்டு கொடுத்து ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினார். ஐந்து நிமிட வேலை! எனக்கோ பொங்கல் விடுமுறை முழுவதும் பில் உள்ளிடுவதிலேயே கழிந்தது.

முதலில் பார்க்க வேண்டியவை

மறுபடி நிறுவுவது எப்போதுமே வீண் என்று சொல்ல மாட்டேன். சாப்ட்வேரின் சொந்த பைல்கள் கெட்டிருந்தால் அது பலன் தரும். ஆனால் அது கடைசி மருந்து. அதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியூவை கிளிக் செய்தால் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி இருக்கும். அதில் 'டிசேபிள்டு' என்றிருந்தால் கோளாறு பயாசில்தான். இன்டெல் பிராசசரில் இந்த வசதிக்கு விடி-எக்ஸ் என்று பெயர். ஏஎம்டி போர்டுகளின் பயாசில் பெரும்பாலும் எஸ்விஎம் என்றிருக்கும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க்கில் காலியிடம். மெஷினின் டிஸ்க் பைல் பயன்படுத்தப் பயன்படுத்த வளரும். சி டிரைவ் நிரம்பிவிட்டால் மெஷின் பாதியில் நின்றுவிடும். ராமையும் கவனியுங்கள். மொத்தம் 8 ஜிபி வைத்துக்கொண்டு 6 ஜிபியைக் குடித்தனக்காரருக்கே கொடுத்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? இவற்றிலும் பிடிபடாவிட்டால் மெஷினின் போல்டருக்குள் 'லாக்ஸ்' என்ற போல்டர் இருக்கும். அங்குள்ள பைலை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் ஊர்கிறது என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸ் தனது ஹைப்பர்-வி மூலம் பிராசசரின் அந்த வசதியை ஏற்கனவே எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11-ல் உள்ள 'மெமரி இன்டக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதியும் இதற்குக் காரணமாக இருக்கலாம். அதை நிறுத்திவிடுங்கள் என்று பலரும் யோசனை சொல்வார்கள்.

இங்குதான் நான் மாறுபடுகிறேன். கெட்ட டிரைவர்கள் மூலம் விண்டோஸின் உள்மையத்துக்குள் வைரஸ் புகாமல் தடுக்கும் பூட்டு அது. ஆமை வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகப் பூட்டைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் லாப நஷ்டம் உங்களுடையது, யோசித்துச் செய்யுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் கைவைக்கவே வைக்காதீர்கள். அட்மினிடம் போய்க் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அன்று நான் முதலிலேயே கேட்டிருந்தால் வீட்டில் பொங்கல் சாப்பிட்டிருப்பேன்.

கடைசியாக ஒன்று. ஸ்நாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள். மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு அதன் போல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். வாரம் ஒருமுறை போதும்.

எரர் செய்தி வந்தால் ஓகே கொடுக்கும் முன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகக் கம்ப்யூட்டரில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். என் பொங்கல் போனதுபோல் உங்கள் தீபாவளி போக வேண்டாம்.