தவிற் கட்டைக்குப் பலா எங்கே?

நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு ஆனிப் பெருந்திருவிழா நிகழும் நாள்களில், குறிகட்டுவான் துறையிலே படகேறுவோரிடையே தவிலைச் சுமந்துவரும் கலைஞரையும் காணலாம். காணுந்தோறும் என் நெஞ்சில் ஒரு வினா எழும்: இத்தவிலின் கட்டை எந்த மண்ணில் வளர்ந்தது?

தீவக மண்ணில் வளர்ந்திருத்தல் அரிது. நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் சுண்ணக்கல்லின்மீது படிந்த மெல்லிய மண்ணில் பனையே மன்னன். புறத்தே வைரமுடையவற்றைத் தொல்காப்பியர் புல்லென வகுத்தார், பனை அவ்வினத்தது. சலாகைக்கும் துலாவுக்கும் அது போதும். தவிலுக்கு வேண்டுவதோ அகத்தே வைரமுடைய பலா.

அதுவும் ஒரே துண்டாக வேண்டும். தச்சர் வாய்ச்சியாற் புறத்தைச் செதுக்கி, உளியால் அகத்தைக் குடைந்து, நடுவிலுள்ள நெட்டியை முற்றும் நீக்குவர். நெட்டி நின்றால், உலரும்போது மரம் வெடிக்கும். வெளிப்புற வெள்ளை பூச்சிக்கு இரையாகும். மஞ்சள் வைரமே நிலைக்கும். ஆகவே இளமரம் உதவாது. வலந்தலைத் தோலின் இழுவையையும், தொப்பியில் விழும் பூவரசங் கழியின் அடியையும் ஆண்டுக்கணக்கில் தாங்கவேண்டிய கட்டையன்றோ!

இங்கேதான் சிக்கல். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அனுமதியின்றிப் பலாவை வெட்டலாகாது. அச்சட்டத்தை நான் குறைகூறேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே பலாக்காய் எத்தனையோ வீடுகளின் பசியைத் தணித்தது. அம்மரத்தை மேளத்துக்காக வீழ்த்துக என்று எவர் சொல்வர்? ஆயினும், புயலிற் சாய்ந்தவையும் அனுமதி பெற்று வெட்டப்பட்டவையும் நேரே அறுவை ஆலைக்குச் சென்று, கதவாகவும் அலுமாரியாகவும் ஆகின்றன. பருத்த அடிமரத்தைப் பலகையாக அறுத்தபின், அதிலே தவில் பிறவாது.

சோழநாட்டிலிருந்து கட்டையைத் தருவிக்கலாமே என்பர் சிலர். 2023 ஒக்ரோபரிலே தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடிய நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் அவர்களுக்கு நம்பிக்கை தந்திருக்கிறது. எனக்கு அத்துணை நம்பிக்கை இல்லை. காற்றும் மழையும் மிகுந்தால் நிற்கும் கப்பலை எண்ணித் திருவிழாவுக்கு நாட்குறிக்க இயலுமா? யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறையுமுன், தவிலுக்குத் தாயகமான தமிழகமே வியக்க வாசித்தவர். அத்தகைய கை பிறந்த நாட்டிலே கட்டைக்கு வழியில்லையென்பது எனக்கு உறுத்துகிறது.

வெட்ட அனுமதி வழங்குவோர், அடிமரத்தை முதலில் வாத்தியத் தச்சருக்குக் காட்டுக என்றொரு நிபந்தனையைச் சேர்க்கலாம். விலையைத் தீவகத்துக் கோயில்கள் பங்கிட்டுக் கொள்ளலாம். குடைந்த கட்டை மெல்ல உலர நிழல் வேண்டும். அதற்குக் கோயில் மடங்களில் இடமுண்டு.