செத்த பிறகா வருவது கருவி?

ரெட்டியார்சத்திரம் பக்கம் போர் போட நினைக்கிற விவசாயி, ரிக் வண்டிக்குச் சொல்லும் முன் நீரோட்டம் பார்த்துவிடுவார். சிலர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடப்பவரை நம்புகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் மின்தடை பார்க்கும் கருவியை வரவழைக்கிறார்கள். நாலு இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, ஓரக் கம்பிகளில் மின்சாரம் விட்டு, நடுக் கம்பிகளில் அளவு எடுப்பார்கள். காய்ந்த பாறை மின்சாரத்தை மறிக்கும், நீர் நிறைந்த வெடிப்பு விட்டுக்கொடுக்கும். ஆயிரம் அடி இறக்கியும் புகைதான் பறந்தது என்றால் வட்டி கட்டியே குடும்பம் நொடித்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

ஒரு தோட்டத்துக்கு எடுக்கிற இந்தக் கவனத்தை, நிலக்கரிக்காகப் பூமிக்குள் இறக்கப்படும் மனிதர்களுக்கு இந்த நாடு எடுக்கவில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2018 டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலைப்பகுதியில், க்சான் என்ற இடத்தில், எலிவளை எனப்படும் குறுகிய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் ஹைதராபாத்திலிருந்து தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கருவிகளோடு வந்தார்கள், சென்னையிலிருந்து நீருக்கடியில் செல்லும் ரோபோ போனது, கடற்படையும் இறங்கியது. மீட்க முடிந்தது இரண்டு உடல்களை மட்டுமே. இத்தகைய சுரங்கங்களைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை செய்திருந்தது. தடையை நிறைவேற்றாத மாநில அரசின் கையில் இந்தச் சாவுகளின் பொறுப்பு இருக்கிறது. அப்போதும் பாடம் படிக்கவில்லை: 2025 ஜனவரி 6 அன்று அசாமின் உம்ராங்சோவில் அதே விதமாக 9 பேர் மூழ்கி இறந்தார்கள்.

திருட்டுச் சுரங்கம்தானே என்று தள்ளிவிட முடியாது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், கைவிடப்பட்ட பழைய குடைவில் தேங்கிய நீர் உடைத்துப் பாய்ந்து 375 பேரைக் கொன்றதே, அது முறையான சுரங்கம். அந்த வழக்கில் உயிரோடு எஞ்சியிருந்த இரண்டு அதிகாரிகளுக்கு ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது 2012-ல். அதற்குள் 2001-ல் பாக்டிகி சுரங்கத்தில் 29 பேர் இதே போல் நீரில் போய்விட்டார்கள்.

நீர் தேங்கிய பழைய குடைவுக்கு 60 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, நெருங்கினால் முன்னனுமதி வேண்டும் என்கிறது சுரங்க விதி. நல்ல விதிதான். ஆனால் பழைய குடைவு எங்கே முடிகிறது என்பதற்குக் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய வரைபடமே. கோடு பத்து மீட்டர் தப்பினால் விதியும் தப்பிவிடுகிறது.

அந்தக் கோட்டைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கம்பிச் சுருளைத் தரையில் விரித்து மின்சாரம் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்தினால், பூமிக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து மெல்ல மங்கும். நீர் நிறைந்த இடத்தில் அது மங்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை அளப்பதுதான் மின்காந்த ஆய்வு. சுரங்கத்துக்குள் இரும்புத் தூண்களும் மின்கம்பிகளும் அளவைக் குழப்பும் என்பது உண்மை. அதனால்தான் கருவி சந்தேகப்படும் இடத்தில் துளையிட்டுச் சரிபார்க்க வேண்டும். 2010-ல் வாங்ஜியாலிங் சுரங்க வெள்ளத்தில் 38 பேரை இழந்த சீனாவில், தோண்டும் முன் துழாவு என்பதே சுரங்க ஒழுங்கு.

இங்கே விஞ்ஞானி இல்லையா, கருவி இல்லையா? க்சானுக்குப் பிணம் தேடப் போனவர்களும் போன கருவிகளும் நம்முடையவைதானே.

மத்திய தொழிலாளர் அமைச்சகமும் தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககமும் உடனே விதியைத் திருத்த வேண்டும். பழைய குடைவுகள் உள்ள பகுதிகளில் மின்காந்த ஆய்வும் முன்துளைச் சோதனையும் கட்டாயமாக வேண்டும், அறிக்கையைத் தொழிலாளர் சங்கங்களின் கையில் கொடுக்க வேண்டும். மேகாலயாவும் அசாமும் எலிவளைகளை மூடி, ஆள் இறக்கிய முதலாளிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதுவரை, ஆய்வறிக்கை இல்லாத எந்தக் குழிக்குள்ளும் ஒரு தொழிலாளிகூட இறக்கப்படக் கூடாது.